அளவு தெரிந்தபின் ஆளைத் தேடுங்கள்

கேள்வி: கோவையில் ட்ராப், அதாவது பறக்கும் களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டில் பயிற்சி எடுத்து வருகிறேன். உயரம் 6 அடி 2 அங்குலம், வலக்கைக்காரன். கைமாறி வந்த இத்தாலிய 12 போர் ஓவர்-அண்டர் (ஒன்றின்மேல் ஒன்றாக இரு குழல்) துப்பாக்கி வைத்திருக்கிறேன். ஒரு சுற்று முடிவதற்குள் கன்னம் வீங்கிவிடுகிறது, கட்டைவிரல் மூக்கில் இடிக்கிறது, ரவை தட்டுக்குக் கீழேயே போகிறது. வால்நட் மரத்தில் எனக்கென்று புது ஸ்டாக், அதாவது தோளில் வைக்கும் பின்பக்க மரக்கட்டை, செய்துகொள்ள ஆசை. எங்கள் வீட்டுக் கதவு, கட்டில் எல்லாம் செய்து தந்த ஆசாரி அருமையான வேலைக்காரர். அவரிடம் கொடுக்கலாமா? கூடாதென்றால் நல்ல ஆளை எங்கே, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஆசாரியிடம் கொடுக்க வேண்டாம். அவர் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை, தடை சட்டத்தில் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி, துப்பாக்கி செய்யவோ விற்கவோ பழுது பார்க்கவோ தனி உரிமம் வேண்டும். துப்பாக்கியின் பாகங்களையும் அந்தச் சட்டம் ஆயுதம் என்றே சொல்கிறது. பழைய ஸ்டாக்கை மட்டும் கழற்றிக் கொடுத்து "இதே மாதிரி ஒன்று செய்யுங்கள்" என்று சொல்லவும் வழியில்லை. துப்பாக்கியின் இரும்புப் பாகம் பக்கத்திலேயே இருந்து, நூறு தடவையாவது மரத்தில் வைத்து எடுத்துப் பார்த்தால்தான் அது உட்காரும் குழி சரியாக அமையும். அத்தனை நாளும் துப்பாக்கி உரிமம் இல்லாத பட்டறையில் கிடந்தால் உங்களுக்கும் வம்பு, அவருக்கும் வம்பு.

சரி, யாரிடம் கொடுப்பது? அதற்கு முன்னால் உங்கள் அளவு உங்களுக்குத் தெரிய வேண்டும். ஸ்டாக் செய்யக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் ஆளைத் தேடுகிறார்கள், பிறகு மரம் பார்க்கிறார்கள், அளவைக் கடைசியில் அவர் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். அவரும் வழக்கமான அளவில் அழகான ஒன்றைச் செய்து கொடுத்துவிடுவார். கன்னம் மறுபடியும் வீங்கும்.

நீங்கள் சொன்ன மூன்று தொந்தரவுக்கும் காரணம் பெரும்பாலும் கட்டைதான். உங்களிடம் வருவதற்கு முன் அது உங்களைவிடக் குள்ளமான ஒருவரிடம் இருந்திருக்க வேண்டும். விசையிலிருந்து கட்டையின் பின்நுனி வரையுள்ள நீளம் கடைத் துப்பாக்கிகளில் 14½ அங்குலத்தை ஒட்டி இருக்கும். 6 அடி 2 அங்குல உயரத்துக்கு அது குட்டை, அதனால்தான் மூக்கில் விரல் இடிக்கிறது. கன்னம் படும் மேல்விளிம்பைக் கோம்ப் என்கிறோம். அது தாழ்ந்திருந்தால் கண்ணும் தாழும், கண் தாழ்ந்தால் ரவையும் கீழே போகும். கன்னம் வீங்குவது கோம்பின் சரிவால். முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்த கோம்ப், துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும்போது உயர்ந்த முன்பகுதியைக் கன்ன எலும்பை நோக்கித் தள்ளுகிறது. நீளக் கழுத்துக்காரர்களுக்கு இது இன்னும் மோசம். முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் ஓடி, தோள் பக்கம் மட்டும் படியாக இறங்கும் மான்டே கார்லோ கோம்ப் உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நினைப்பது போதாது, சுட்டுப் பாருங்கள். ரேஞ்ச், அதாவது சுடுதளத்தின் அதிகாரியிடம் சொல்லிவிட்டு, நான்கடிச் சதுர வெள்ளைத்தாள் ஒன்றை 16 கஜ தூரத்தில் நிறுத்தி, நடுவே ஒரு கரும்புள்ளி வையுங்கள். ரவை அதிகம் பரவாதபடி குழல்முனையைக் குறுக்கும் இறுக்கமான சோக்கைப் போட்டுக்கொண்டு, குறிபார்த்து நிதானிக்காமல், தட்டைச் சுடுகிற மாதிரியே துப்பாக்கியைத் தூக்கியதும் சுடுங்கள். ஐந்தாறு தோட்டா சுட்டதும் ரவைக் கூட்டத்தின் நடுவிடம் எங்கே விழுகிறது என்பது தெரிந்துவிடும். இந்தத் தூரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: தாளில் 1 அங்குல விலகலுக்குக் கட்டையில் 1/16 அங்குலத் திருத்தம். கண்ணிலிருந்து குழல்முனைக்கு ஏறக்குறைய 36 அங்குலம், 16 கஜம் என்பது 576 அங்குலம், வகுத்தால் பதினாறு வருகிறது. ஆக, நடுவிடம் 4 அங்குலம் கீழே என்றால் கோம்பை ¼ அங்குலம் உயர்த்த வேண்டும். ட்ராப்பில் தட்டு ஏறிக்கொண்டே போவதால் நடுவிடம் புள்ளிக்குச் சற்று மேலேயே இருப்பது நல்லது, அதற்காக இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். இடது, வலது விலகலுக்கும் இதே கணக்குதான். வலக்கைக்காரருக்கு ரவை இடப்பக்கம் போனால் கட்டையை வலப்பக்கம் சற்று வளைக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் உங்கள் ஆதிக்கக் கண் (குறிபார்ப்பதில் முந்தும் கண்) எது என்று பார்த்துவிடுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து தூரத்துப் பொருள் ஒன்றை விரலால் சுட்டி, இடக்கண்ணை மூடுங்கள். விரல் அந்தப் பொருள் மேலேயே நின்றால் வலக்கண். விரல் நகர்ந்துவிட்டால் இடக்கண் ஆள்கிறது. அப்படியானால் சாதாரண ஸ்டாக் எதுவும் உதவாது, அணிந்திருக்கும் கண்ணாடியின் இடப்பக்கத்தில் சிறு ஒட்டு வைத்துச் சுடும் வழியைப் பயிற்சியாளரோடு பேச வேண்டியிருக்கும்.

அளவு கிடைத்ததும் மரத்தில் கை வைக்காதீர்கள். அட்டைத் துண்டுகளைக் கோம்பின் மேல் அடுக்கி, எலக்ட்ரிகல் டேப்பைச் சுற்றி உயரத்தை ஏற்றுங்கள். நீளத்துக்கு ரப்பர் பேடுக்கும் கட்டைக்கும் நடுவே பிளாஸ்டிக் ஸ்பேசர் வைக்கலாம். பார்க்க அசிங்கமாக இருக்கும், ரேஞ்சில் நண்பர்கள் கிண்டல் செய்வார்கள், இருக்கட்டும். ஒரு மாதம் இப்படிச் சுட்டு, தாளும் தட்டும் கன்னமும் மூன்றும் சரி என்று சொன்னால் அதுதான் உங்கள் அளவு. அந்த நிலையில் அப்படியே அளந்து எழுதி வையுங்கள்: விசையிலிருந்து பின்நுனி வரை நீளம், குழலின் மேல்கோட்டிலிருந்து கோம்பின் முன்புறத் தாழ்வு, பின்புறத் தாழ்வு, பக்க வளைவு, பின்முகத்தின் சாய்வு.

இங்கே ஒரு விஷயம். இந்த ஒட்டுவேலையிலேயே பிரச்சினை தீர்ந்துவிட்டால், புது ஸ்டாக் இல்லாமலேகூடச் சமாளிக்கலாம். இருக்கிற கட்டையின் கோம்பை அறுத்து, ஏற்றி இறக்கும்படி இரண்டு தண்டுகளில் நிறுத்தித் தரும் வேலை செலவு குறைந்தது, ட்ராப் ஆட்களிடம் சர்வசாதாரணம். பக்க வளைவில் மட்டும் குறை என்றால், கைப்பிடிக் கழுத்தைச் சூடாக்கி வளைத்துத் தருகிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் முதலில் கோம்பை ஏற்றி இறக்கும் வசதி, ஓராண்டு கழித்துப் புது வால்நட். ஆனால் நீங்கள் ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆசைக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

இனி ஆள். சென்னை, கொல்கத்தா போன்ற ஊர்களின் பழைய உரிமக் கடைகளில் பழுதுவேலைக்கு மிஸ்திரிகள் இருப்பார்கள். பீகாரின் முங்கேர் பதினெட்டாம் நூற்றாண்டில் மீர் காசிம் காலத்திலிருந்தே துப்பாக்கி ஊர், அங்கே உரிமம் பெற்ற பட்டறைகள் இன்றும் இயங்குகின்றன. ஆனால் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் கட்டை செதுக்கிப் பழகிய கைக்கு ட்ராப் துப்பாக்கியின் அளவு நுணுக்கமும் பழகியிருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் நான் கடையில் தொடங்க மாட்டேன், ரேஞ்சில் தொடங்குவேன். டில்லி துக்ளகாபாத்தின் டாக்டர் கர்ணி சிங் ரேஞ்ச், பாட்டியாலா, ஜெய்ப்பூர் போன்ற இடங்களில் ஷாட்கன் (ரவைத் துப்பாக்கி) ஆட்கள் கூட்டமாகப் பயிற்சி எடுக்கிறார்கள். நம் பக்கம், பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்ட பிரித்விராஜ் தொண்டைமானின் புதுக்கோட்டை வட்டாரத்தில் விசாரிக்கலாம். போட்டிக்குப் போகும்போது அடுத்தவர் கையிலிருக்கும் ஸ்டாக்கைப் பாருங்கள். கடையில் வாங்கியது இல்லை என்று தெரிந்தால் யார் செய்தது என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் அவரைப் போய்ப் பார்க்கலாம்.

அவரைப் பார்க்கப் போகும்போது, புதிதாகச் செய்து அலமாரியில் வைத்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். இரண்டு மூன்று வருடம் முன்னால் செய்து, ஆயிரக்கணக்கில் சுட்ட ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். உரிமையாளர் சம்மதித்தால் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். வேலையின் உயிர் உள்ளேதான் இருக்கிறது. நல்ல ஆள் இரும்பில் விளக்குப்புகைக் கரியைப் பூசி மரத்தில் பொருத்துவார், கரி ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்டுவார், மறுபடி பொருத்துவார். கடைசியில் கட்டையின் முன்முகம் முழுக்கச் சீராகக் கரி படிய வேண்டும். உதையைத் தாங்குவது அந்த முகம். குழலையும் விசையையும் தாங்கும் இரும்புப் பகுதியை ஆக்‌ஷன் என்கிறோம். ஆக்‌ஷனிலிருந்து பின்னால் நீளும் வால் இருக்கிறதே, அதன் பின்நுனிக்கும் மரத்துக்கும் மட்டும் தாள் அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார். அங்கே இடைவெளி இல்லாமல் முட்டக் கொடுத்தால் ஒவ்வொரு உதைக்கும் அது ஆப்பாக இறங்கி, கைப்பிடிக் கழுத்தில் மயிரிழை விரிசல் விழும். சுட்டுப் பழகிய கட்டையில் அந்த இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்பும் மரமும் சேரும் விளிம்பில் மரம் இம்மியளவு உயர்ந்திருப்பது நல்ல அடையாளம், பின்னாளில் மெருகேற்றும்போது தேய்ந்து இரும்போடு சமமாகும்.

கைப்பிடியில் வெட்டும் குறுக்குக் கோட்டு வேலை, அதாவது செக்கரிங், இரண்டாம்பட்சம். அங்குலத்துக்கு 22 முதல் 28 கோடு வரை வெட்டுவார்கள். கோடு ஓரத்தைத் தாண்டி ஓடியிருக்கிறதா, சின்னச் சின்ன வைரங்கள் எல்லாம் ஒரே கூராக இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். பளபளப்பை நம்பவே நம்பாதீர்கள்.

அப்புறம், அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். துப்பாக்கியைத் தூக்கிக் காட்டச் சொல்லி எதிரே நின்று உங்கள் கண்ணைப் பார்க்கிறாரா? என்ன உடுப்பில் சுடுகிறீர்கள், ட்ராப்பா, ஸ்கீட் என்கிற இன்னொரு வகைத் தட்டுப் போட்டியா என்று கேட்கிறாரா? தாளில் சுட்ட முடிவைக் காட்டச் சொல்கிறாரா? எதுவும் கேட்காமல் "விட்டுட்டுப் போங்க, ஒரு வாரத்துல ரெடி" என்பவரிடம் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

மரத்துக்கு வருவோம். வால்நட்டுக்குப் பேர் வந்ததே உதையைத் தாங்கும் நார், மிதமான எடை, உலர்ந்தபின் முறுக்காத குணம் இவற்றால்தான். நமக்குக் கிடைப்பது காஷ்மீர் வால்நட். அங்கே அந்த மரத்தை வெட்ட அனுமதி வேண்டும், அதனால் பில் இல்லாத மரத்தைத் தொடாதீர்கள். ஈட்டி மரம் வீட்டில் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது கனம், துப்பாக்கியின் பின்பக்கம் இழுக்கும். தமிழ்நாட்டில் அந்த மரத்தைக் காக்கவென்றே 1994இல் தனிச் சட்டமும் கொண்டுவந்தார்கள். துண்டைத் தேர்ந்தெடுக்கும்போது பின்பக்கத்து அலையையும் கறுப்பு வரியையும் பார்த்து விலை பேசுவோம். ஆனால் உடையும் இடம் கைப்பிடிக் கழுத்து. அங்கே நார் நேராக, கழுத்தின் வளைவோடு சேர்ந்து ஓட வேண்டும், குறுக்கே வெட்டி ஓடினால் எவ்வளவு அழகானாலும் விட்டுவிடுங்கள். மரம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். காற்றில் உலர்த்தினால் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஸ்ரீநகரில் உலர்ந்த துண்டை, வேலை தொடங்கும் முன் செய்யும் ஊரிலேயே சில வாரம் கிடக்க விடுவது நல்லது.

வெளிநாடு? பெராட்சி துப்பாக்கித் தொழிற்சாலை இத்தாலியில் பிரெஸ்சியா பக்கம் பொட்டிச்சினோவில் இருக்கிறது, அளவெடுத்துக் கட்டை செய்து தருகிறார்கள். ஷாட்கன் உலகக்கோப்பைப் போட்டிகள் நடக்கும் லொனாட்டோவும் அங்கிருந்து பக்கம்தான். போட்டிக்கென்று முறையான அனுமதியோடு துப்பாக்கி உங்களுடன் அங்கே போகும் வாய்ப்பு வந்தால் அந்தப் பயணத்தோடு இதை முடித்துக்கொள்ளலாம். ஸ்டாக்குக்காக மட்டும் கிளம்புவது அனாவசியம். உள்நாட்டில் வேறு மாநிலம் போவதானாலும் உங்கள் உரிமம் செல்லுபடியாகும் பகுதியைப் பார்த்துவிட்டுப் போங்கள், தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால் முதலில் அதை விரிவாக்க வேண்டும். கூரியரில் துப்பாக்கி அனுப்பும் பேச்சே வேண்டாம். ஒப்படைக்கும்போது துப்பாக்கி எண், உரிம எண், தேதி எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பேச்சு முடிந்ததும் ஒரு தாளில் எழுதுங்கள்: அளவுகள், எந்தத் துண்டு மரம், செதுக்கும்போது விரிந்தால் யார் பொறுப்பு, பணம் எத்தனை தவணை. முக்கியமான ஒன்று, உருவம் வந்ததும், எண்ணெயும் செக்கரிங்கும் ஏறுவதற்கு முன், உரிமையாளரான நீங்களே ரேஞ்சுக்கு எடுத்துப்போய் அதே 16 கஜத் தாளில் சுட்டுப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் கோம்பை இழைத்துக் குறைக்கலாம், முடிந்த கட்டையில் குறைத்தால் மெருகெல்லாம் வீண். அதனால் அவர் கோம்பைச் சற்று உயரமாகவே விட்டு வைக்கட்டும். பழைய ஸ்டாக்கை அறுக்காமல் பத்திரப்படுத்துங்கள், துப்பாக்கியை விற்கும் நாளில் கேட்பார்கள்.

கைக்கு வந்தபின் முதல் இருநூறு தோட்டாவுக்குள் ஒருமுறை ஸ்டாக் போல்ட்டைத் திருகிப் பாருங்கள், புது மரம் அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டதும் குழலை மேலாக நிறுத்தி வைக்காதீர்கள். எண்ணெய் ஆக்‌ஷன் வழியே இறங்கிக் கட்டையின் முன்முகத்தில் ஊறினால் மரம் மிருதுவாகிவிடும். முதல் ஒரு நாளாவது குழல் கீழே இருக்கும்படி, அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டுச் சாய்த்து வையுங்கள்.