பழைய பன்னீர்க் கொடிக்கு ட்ரோனும் டி.என்.ஏ. சோதனையும் வேண்டுமா?

கேள்வி: கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அப்பா நட்ட கொடிகள். நாலைந்து வருஷமாகக் காய்ப்பு குறைந்துகொண்டே வருகிறது. சில கொடிகளில் ஒரு பக்கக் கிளை மட்டும் பட்டுப்போகிறது. பழைய கொடிகளை நவீன முறையில் காப்பாற்றித் தருவதாக ஒரு ஏஜென்ட் வந்திருக்கிறார். ட்ரோன் படம், டி.என்.ஏ. சோதனை, திசு வளர்ப்புக் கன்று எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு ₹40,000 கேட்கிறார். எங்கள் கொடி தனி ரகமாம். புவிசார் குறியீட்டுக்கும் இந்தச் சோதனை அவசியமாம். கையெழுத்துப் போடலாமா, இல்லை எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடலாமா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். கொடிகளைப் பிடுங்கவும் வேண்டாம். முப்பது வயதுக் கொடி சோர்ந்துபோவதற்கு வயது மட்டும் காரணமாக இருப்பது அபூர்வம். வேரில் நூற்புழு என்ற நுண்ணிய புழு, தண்டில் பூஞ்சாணம், சாற்றோட்டத்தில் வைரஸ் என்று ஏதோ ஒன்று இருக்கும். எது என்று தெரியாமல் புதுக்கன்று நட்டால் அதே மண்ணில் அதே நோய்தான் அதையும் பிடிக்கும்.

முதலில் டி.என்.ஏ. விஷயம். நாம் பன்னீர் என்று சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். இது விதையில் வளர்ந்து வருவதில்லை, குச்சியை வெட்டி நட்டு வருவது. அதனால் உங்கள் தோட்டத்துக் கொடியும் பக்கத்துத் தோட்டத்துக் கொடியும் ஒரே செடியின் துண்டுகள்தான். வழக்கமான டி.என்.ஏ. சோதனை இரண்டையும் பார்த்து ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்று ஒரே பதிலைத்தான் சொல்லும். உங்களுடையதை மட்டும் தனி ரகமென்று அது சொல்லாது. கொடிக்கு நோய் இருக்கிறதா என்பதையும் சொல்லாது. உலகத்தில் இந்தச் சோதனை பெரிய வேலை செய்திருக்கிறது, மறுக்கவில்லை. பெயர் மறந்துபோன பழைய கொடிகளை அடையாளம் காணவும், மஸ்கட் ஹாம்பர்க்கின் தாய் தந்தை யாரென்று உறுதிசெய்யவும் அதுதான் உதவியது. ஆனால் உங்கள் கொடியின் பெயரில் யாருக்கும் சந்தேகம் இல்லையே!

புவிசார் குறியீடு கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் கிடைத்துவிட்டது. அது அந்தப் பகுதிப் பழத்துக்குக் கிடைத்தது, ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியாகச் சான்று வாங்க வேண்டியதில்லை. அந்தப் பெயரைப் போட்டு விற்க நீங்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் சொற்பம், படிவத்தில் டி.என்.ஏ. அறிக்கைக்கு இடமே கிடையாது. இந்தக் குறியீடு வந்த நாளிலிருந்து அதை வைத்துப் பயமுறுத்திக் காசு பார்க்க ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. குறியீட்டை வாங்கித் தந்தவர்கள் அதன் அர்த்தத்தை ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருந்தால் இவர்களுக்கு வேலையே இருந்திருக்காது.

அடுத்து ட்ரோன். எந்த இடத்தில் பசுமை குறைவு என்று அது காட்டும், ஏன் குறைவு என்று காட்டாது. மேலும் உங்கள் பக்கம் வருஷம் முழுக்க யாராவது கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடும் வேலை, செய்துகொண்டே இருப்பீர்கள். ஒரே தோட்டத்திலேயே ஒரு பாதி கவாத்து முடிந்து இருபது நாளும், மறுபாதி எண்பது நாளும் ஆகியிருக்கும். கவாத்துத் தேதியைக் கேட்காமல் படம் எடுத்துக் கொடுப்பவர் இளந்தளிர் பந்தலை ‘நோய்ப்பகுதி’ என்று சிவப்பில் தீட்டிக் கொடுப்பார். ஒன்றரை ஏக்கருக்கு நீங்களே கொடிக்கு ஒரு எண் கட்டி, ஒவ்வொரு அறுவடைக்கும் எந்தக் கொடி எத்தனை கிலோ என்று கைபேசியில் குறித்து, இலையையும் தண்டையும் படம் பிடித்து வையுங்கள். மூன்று அறுவடைக் கணக்கு இருந்தால் அதைவிட நல்ல வரைபடம் யாரும் தர முடியாது.

திசு வளர்ப்பு என்றாலே நோயில்லாதது என்று நம்ப வைக்கிறார்கள். பொய். வைரஸ் உள்ள கொடியிலிருந்து துண்டு எடுத்து வளர்த்தால் ஆயிரம் கன்றிலும் வைரஸ் இருக்கும். தாய்க்கொடியை வெப்பத்தில் வைத்து, நுனிக்குருத்தின் மிகச் சிறிய துணுக்கை மட்டும் எடுத்து வளர்த்து, பிறகு அந்தக் கன்றையும் சோதித்தால்தான் அது சுத்தமான கன்று. ஏஜென்டிடம் ஒரே ஒரு தாளைக் கேளுங்கள்: வளர்த்து முடித்த கன்றில் எந்தெந்த வைரஸுக்குச் சோதனை செய்தார்கள், எந்த ஆய்வகத்தில் என்ற அறிக்கை. ‘கம்பெனி ரகசியம்’ என்றால் வாசல்வரை போய் வழியனுப்பிவிடுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஆனைமலையான்பட்டியில் இருக்கும் திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விசாரியுங்கள். நூற்புழுச் சோதனைக்கு, சோர்ந்த கொடிகளின் வேர்ப்பகுதியில் அரையடியிலிருந்து ஓரடி ஆழத்து மண்ணையும் சல்லிவேரையும் சேர்த்து எடுத்து, ஈரம் காயாமல் பாலித்தீன் பையில் கட்டி உடனே கொண்டுபோங்கள். சத்துப் பரிசோதனைக்குத்தான் மண்ணை உலர்த்துவார்கள்; நூற்புழுவுக்கு உலர்த்தினால் ஒன்றும் தெரியாது. வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் உங்கள் கண்ணுக்கே தெரியும்.

கறுப்புத் திராட்சையின் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, மற்ற இடம் சிவந்து, இலை ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டால் இலைச்சுருள் வைரஸைச் சந்தேகிக்கலாம். சத்துக்குறையிலும் இலை சிவக்கும் என்பதால் சோதித்தே ஆகவேண்டும். அதற்கு அறுவடைக்குப் பக்கத்தில், கொடியின் அடிப்பகுதி முற்றிய இலைகளைக் காம்போடு எடுக்க வேண்டும். இளந்தளிரில் எடுத்தால் வைரஸ் இருந்தும் இல்லை என்று வரலாம். வைரஸ் உறுதியான கொடிக்குத் தோட்டத்தில் மருந்து கிடையாது. மாவுப்பூச்சி அதைப் பரப்பும், அதிலிருந்து எடுக்கும் குச்சியும் பரப்பும்.

ஒரு பக்கக் கிளை பட்டுப்போவது பெரும்பாலும் கவாத்துக் காயம் வழியாகப் போன பூஞ்சாணம். பட்ட கிளையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் கட்டையில் ஆப்பு வடிவத்தில் பழுப்பு தெரியும். பழுப்பு முடிந்து சுத்தமான கட்டை வரும்வரை கீழே கீழே வெட்டிவிட்டு, போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) பூசி, அடியிலிருந்து வரும் ஒரு தளிரைப் பந்தலுக்கு ஏற்றினால் பழைய வேரிலேயே புதுத் தண்டு கிடைக்கும். வெட்டிய கட்டையைத் தோட்டத்து ஓரத்தில் குவிக்காதீர்கள், எரித்துவிடுங்கள். மழை நாளில் கவாத்து வேண்டாம். கவாத்து ஆட்கள் தோட்டம் தோட்டமாகப் போகிறவர்கள். அவர்கள் கத்தரியை உங்கள் கண்முன்னே துடைத்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். நான் சொன்ன தண்டு மாற்றம், குச்சியாகவே நட்டுச் சொந்த வேரில் நிற்கும் கொடிக்குத்தான். உங்கள் கொடி டாக்ரிட்ஜ் போன்ற வேர்ச்செடியில், அதாவது வேருக்காக மட்டும் வளர்க்கும் வேறொரு திராட்சையில், ஒட்டுக் கட்டியதாக இருந்தால், ஒட்டுக்குக் கீழே வரும் தளிர் பன்னீர் அல்ல, டாக்ரிட்ஜ். அது அமோகமாக ஓடும், பந்தலை நிரப்பும், ஒரு பன்னீர்க்குலைகூடத் தராது. அது தெரியவரும்போது இரண்டு வருஷம் போயிருக்கும். அப்பாவைக் கேளுங்கள், இல்லையென்றால் தரையை ஒட்டித் தண்டில் வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மண் மூடியிருந்தால் கொஞ்சம் பறித்துப் பாருங்கள். பன்னீரின் இலையையும் அடித்தளிரின் இலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலை வேறுபட்டால் ஒட்டுக்கு மேலேதான் வெட்ட வேண்டும். ஒட்டுக்கு மேலே சுத்தமான கட்டையே இல்லை என்றால், அந்த வேர்ச்செடித் தளிரை வளர்த்து அதில் பன்னீரை மறுபடி ஒட்டுக் கட்ட வேண்டும். தோட்டத்தில் பாதி ஒட்டு, பாதி சொந்த வேர் என்று கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே கொடி கொடியாகப் பாருங்கள்.

நூற்புழு அதிகம் என்று வந்தால், உங்கள் கணக்குப்படி நன்றாகக் காய்த்த, வைரஸ் இல்லாத பத்துக் கொடிகளிலிருந்து குச்சி எடுத்து வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டி, பட்டுப்போன இடங்களை மட்டும் நிரப்புங்கள். டாக்ரிட்ஜ் நூற்புழுவைத் தாங்கும், ஆனால் வளமான மண்ணில் இலையாகவே ஓடும்; உரத்தைக் குறைக்க வேண்டிவரும். அதே ஒட்டுக்கன்றுகளில் கொஞ்சத்தை உறவினர் தோட்டத்திலும் நட்டு வையுங்கள். அப்பா நட்ட கொடிக்கு அதுதான் காப்பு.

சுத்தமான கன்றுக்காக மத்திய அரசு 2024 ஆகஸ்டில் ₹1,765.67 கோடிக்கு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நாடு முழுக்க ஒன்பது மையங்கள், திராட்சைக்குப் புனே. கம்பத்து விவசாயிக்குப் புனேயா? பன்னீரின் நல்ல தாய்க்கொடிகளைத் தேர்ந்து, சோதித்து, இங்கேயே ஒரு தாய்த்தோட்டம் வைத்திருக்க வேண்டிய வேலை இது. அது நடக்காத இடத்தில்தான் பையைத் தூக்கிக்கொண்டு ஏஜென்ட் வருகிறார். நீங்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து எழுத்தில் மனு கொடுங்கள். வாயால் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பார்கள்.

அடுத்த கவாத்துக்கு முன்னால் வேர், மண் மாதிரியை எடுத்துவிடுங்கள். வைரஸ் மாதிரியை அடுத்த அறுவடையின்போது எடுக்கலாம். இரண்டு முடிவும் கையில் வரும்வரை யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம். உங்கள் கொடியிலிருந்து குச்சி வெட்டிக்கொள்ளவும் யாரையும் விடாதீர்கள்.