இஃப் வாக்கியத்தில் வில் எங்கே, வுட் எங்கே?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவதுதான் பாதி வேலை. 'இஃப்' வருகிற வாக்கியம் என்றால் கை நின்றுவிடுகிறது. "இஃப் யூ வில் கன்ஃபர்ம் டுடே, வீ வில் ஷிப் ஆன் ஃப்ரைடே" என்று எழுதினேன், மேனேஜர் திருத்தினார். "இஃப் யூ வுட் ஹேவ் டோல்ட் அஸ், வீ வுட் ஹேவ் சேஞ்ச்ட் த லேபிள்" என்றதையும் திருத்தினார். பள்ளியில் டைப் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனப்பாடம் செய்ததெல்லாம் பரீட்சையோடு போய்விட்டது. இன்றைய விஷயத்துக்கு ஏன் இறந்தகால வினை வருகிறது என்பதும் புரியவில்லை. எளிதாகச் சொல்ல முடியுமா?

பதில்: டைப் எண்களைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். நீங்கள் அனுப்பிய இரண்டு வாக்கியங்களிலும் நடந்தது ஒரே தவறுதான். வில், வுட் இரண்டும் விளைவைச் சொல்லும் பாதிக்கு உரியவை. அவற்றை நிபந்தனைப் பாதியிலும் போட்டுவிட்டீர்கள்.

இது ஏன் வருகிறது என்றால், தமிழில் 'உறுதி செய்தால்' என்ற சொல் காலமே காட்டாது. 'செய்கிறால்' என்றோ 'செய்வால்' என்றோ நம்மிடம் கிடையாது. ஆங்கிலத்துக்குப் போகும்போது ஏதோ ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். உறுதி செய்வது இனிமேல்தானே என்று மனசு கணக்குப் போட்டு 'வில்' சேர்த்துவிடுகிறது. ஆங்கிலமோ அங்கே வெறும் நிகழ்கால வினையோடு நிறுத்திக்கொள்ளும்: "இஃப் யூ கன்ஃபர்ம் டுடே, வீ வில் ஷிப் ஆன் ஃப்ரைடே." எதிர்காலம் என்ற தகவலை இரண்டாம் பாதியில் இருக்கும் ஒரு 'வில்' கொடுத்துவிடுகிறது.

"இஃப் யூ வில் வெயிட் எ மினிட்" என்று நீங்கள் கேட்டிருக்கலாம். அது தவறில்லை. அங்கே 'வில்' காலத்தைக் குறிக்கவில்லை, 'தயவுசெய்து காத்திருக்கச் சம்மதித்தால்' என்ற பணிவைக் குறிக்கிறது. மெயிலில் அதைத் தவிர்ப்பது நல்லது.

இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். "சொல்லியிருந்தால் மாற்றியிருப்போம்." இதைத் தமிழில் எந்தக் குழந்தையும் தப்பில்லாமல் சொல்லும். ஆங்கில வடிவமும் கிட்டத்தட்ட இதேதான். 'இருந்தால்' இருக்கும் இடத்தில் 'ஹேட்', 'இருப்போம்' இருக்கும் இடத்தில் 'வுட் ஹேவ்': "இஃப் யூ ஹேட் டோல்ட் அஸ், வீ வுட் ஹேவ் சேஞ்ச்ட் த லேபிள்." பள்ளியில் மூன்றாவது டைப் என்று பயமுறுத்தினார்களே, அது இதுதான். என்னைக் கேட்டால் தமிழ் பேசுகிறவர்களுக்கு மூன்றிலும் சுலபமானது இதுவே. அமெரிக்க பையர் யாராவது போனில் இரண்டு பக்கமும் 'வுட் ஹேவ்' போட்டுப் பேசக்கூடும். பேச்சில் அது ஓடும், எழுத்தில் வேண்டாம்.

உண்மையான சிக்கல் நடுவில் இருக்கிற வகையில்தான் இருக்கிறது. "விலையைக் குறைத்தால் பத்தாயிரம் பீஸ் எடுப்போம்" என்ற ஒரு தமிழ் வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு வடிவம் உண்டு.

"இஃப் யூ ரெட்யூஸ் த பிரைஸ், வீ வில் டேக் டென் தவுசண்ட் பீசஸ்." இப்படி பையர் எழுதினால் அது பேரம் முடிக்கிற பேச்சு. நீங்கள் குறைத்தால் அவர் எடுக்கவேண்டும். பின்வாங்கினால் மெயிலைக் காட்டிக் கேட்கலாம்.

"இஃப் யூ ரெட்யூஸ்ட் த பிரைஸ், வீ வுட் டேக் டென் தவுசண்ட் பீசஸ்." இது ஆழம் பார்ப்பது. 'குறைப்பீர்கள் என்று நான் நம்பவில்லை, ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன்' என்ற தொனி இதில் இருக்கிறது. இதை நம்பி நூல் வாங்கிப் போடாதீர்கள்.

இரண்டும் இனிமேல் நடக்கக்கூடியதைப் பற்றியவைதான். 'ரெட்யூஸ்ட்' என்ற இறந்தகால வடிவம் இங்கே நேற்றைக் குறிக்கவில்லை. பேசுகிறவர் அந்த விஷயத்திலிருந்து ஓரடி தள்ளி நிற்கிறார் என்று காட்டுகிறது. நமக்கும் இது புதிதில்லை. மேலதிகாரி அறைக்குள் போய் "சார், ஒரு விஷயம் கேட்கலாம்னு நினைச்சேன்" என்கிறோம். நினைப்பது அந்த நிமிஷம்தான், சொல்வது இறந்தகாலத்தில். நேராக முட்டாமல் கொஞ்சம் விலகி நிற்க அது உதவுகிறது. ஆங்கிலம் இதே உத்தியை இஃப் வாக்கியத்தில் கட்டாய இலக்கணமாகவே வைத்திருக்கிறது.

இதற்கு ஒரு சோதனை உண்டு. உங்கள் தமிழ் வாக்கியத்தில், 'இல்லையே' என்ற ஏக்கம் தொனிக்கிற மாதிரி 'மட்டும்' சேர்த்துப் பாருங்கள். "எங்களிடம் இன்னொரு நிட்டிங் மெஷின் மட்டும் இருந்தால் இந்த வாரமே முடித்துவிடுவோம்." பொருந்துகிறது, ஏனென்றால் மெஷின் இல்லை. அப்படியானால் இறந்தகாலமும் வுட்டும்: "இஃப் வீ ஹேட் அனதர் மெஷின், வீ வுட் ஃபினிஷ் திஸ் வீக்." மாறாக, "மழை பெய்தால் லோடு தாமதமாகும்" என்பதில் அந்த ஏக்கத்துக்கு இடமில்லை. பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். அங்கே நிகழ்காலமும் வில்லும் போதும். வினை 'பி' (ஆம், இஸ், ஆர் என்று வருவது) ஆக இருந்தால் இந்தத் தள்ளி நிற்கிற வடிவம் 'வேர்': "இஃப் ஐ வேர் யூ." பேச்சில் 'வாஸ்' என்றும் சொல்வார்கள், அலுவலக எழுத்தில் 'வேர்' பாதுகாப்பானது.

எப்போதும் நடக்கிற விஷயமென்றால் இரண்டு பக்கமும் நிகழ்காலம்தான். "இஃப் யூ வாஷ் திஸ் ஃபேப்ரிக் இன் ஹாட் வாட்டர், இட் ஷ்ரிங்க்ஸ்." இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வேலையில் இது பணம் சம்பந்தப்பட்டது. "சரக்கு கிளம்பினால் டாக்குமெண்ட் அனுப்புகிறேன்" என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். கிளம்பும் என்பதில் நமக்குச் சந்தேகமே இருக்காது. அதை "இஃப் த குட்ஸ் லீவ்" என்று எழுதினால், 'கிளம்புமா கிளம்பாதா என்று தெரியவில்லை' என்றுதான் பையர் படிப்பார். அடுத்த அரை மணி நேரத்தில் போன் வரும். 'கிளம்பியதும்' என்ற பொருள் மனதில் இருந்தால் 'வென்' போடுங்கள்: "வென் த குட்ஸ் லீவ், ஐ வில் செண்ட் த டாக்குமெண்ட்ஸ்." இங்கேயும் 'வில்' ஒரே பக்கம்தான்.

அதேபோல 'என்றால்' என்பதை 'மீன்ஸ்' ஆக்கி, "யூ ஆர் ஃப்ரீ மீன்ஸ், ஐ வில் கால்" என்று எழுதுவதும் பேசுவதும் நம் பக்கம் நிறைய. 'நீங்க ஃப்ரீன்னா' என்பதன் நேர் பெயர்ப்பு அது. வெளிநாட்டவருக்கு விளங்காது. வாக்கியத்தின் தொடக்கத்தில் ஓர் இஃப் வைத்தால் சரியாகிவிடும்.

'அன்லெஸ்' வரும்போது எதிர்மறையை இரட்டிப்பாக்காதீர்கள். 'பணம் கட்டாவிட்டால்' என்பதில் இருக்கிற 'ஆ' அன்லெஸ்ஸுக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஆகவே "அன்லெஸ் யூ பே" மட்டும் போதும். "அன்லெஸ் யூ டோன்ட் பே" என்றால் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

சில நேரம் இரண்டு பாதிகளும் வெவ்வேறு காலத்தில் நிற்கும். அதையும் தமிழ் வழியாகவே பிடிக்கலாம். "போன வாரமே கன்டெய்னர் புக் செய்திருந்தால், இன்றைக்கு இந்த அவஸ்தை இருக்காது." முதல் பாதி முடிந்துபோனது, அதனால் 'ஹேட் புக்ட்'. இரண்டாம் பாதி இன்றைய நிலைமை, அதனால் 'வுட் ஹேவ்' வேண்டாம், வெறும் 'வுட்': "இஃப் வீ ஹேட் புக்ட் த கன்டெய்னர் லாஸ்ட் வீக், வீ வுட் நாட் பி இன் திஸ் ட்ரபிள் நவ்." டைப் எண்களை வைத்து எழுதுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். இரண்டு பாதியையும் தனித்தனியாக, 'இது எப்போது, உண்மையா இல்லையா' என்று கேட்டு எழுதினால் குழப்பம் வராது.

அப்புறம், பையர் அனுப்பும் பர்ச்சேஸ் ஆர்டரில் இஃப் என்ற சொல்லே இல்லாத நிபந்தனைகள் இருக்கும். "ஷுட் த குட்ஸ் ஃபெயில் இன்ஸ்பெக்‌ஷன், த பையர் மே கேன்சல் த ஆர்டர்" என்பது மாதிரி. 'ஷுட்' என்றதும் 'வேண்டும்' என்று படித்துவிடாதீர்கள். வாக்கியத்தின் முதல் சொல்லாக, கேள்விக்குறி இல்லாமல் வரும் ஷுட்டுக்கு 'ஒருவேளை அப்படி ஆனால்' என்று பொருள்: சரக்கு பரிசோதனையில் தேறாவிட்டால் ஆர்டரை ரத்து செய்யும் உரிமை பையருக்கு உண்டு. "ஹேட் யூ இன்ஃபார்ம்ட் அஸ்" என்று தொடங்கினால் 'எங்களுக்குத் தெரிவித்திருந்தால்'. இவற்றை நீங்கள் எழுதவேண்டிய அவசியமில்லை, இஃப் போட்டே எழுதலாம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இப்படித் தொடங்கும் வரிகளைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் தமிழில் 'ஆல்' போட்டுப் படித்துவிடுங்கள்.