இரவு ஒரு மணிக்குப் படுத்தால் ஆயுள் குறையுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். வயது 42. இரவில் வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணக்கு வேலை பார்ப்பதால் படுக்க ஒரு மணி ஆகிறது, எட்டு மணிக்கு எழுகிறேன். கொளுந்து பறிக்கும் நாட்களில் மட்டும் ஐந்தரைக்கே எழ வேண்டும். இரவில் கண்விழிப்பவர்கள் சீக்கிரம் இறப்பார்கள் என்ற செய்தியைக் கேட்டு அம்மா புலம்புகிறார். உண்மையா?

பதில்: அந்தச் செய்திக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் 2018-ல் வெளியான பிரிட்டன் ஆய்வுதான். சுமார் 4,33,000 பேரை ஆறரை ஆண்டுகள் கவனித்தார்கள். காலை ஆட்களைவிட, தீவிர இரவு ஆட்களுக்கு இறப்பு அபாயம் 10 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் இறந்தவர்கள் மொத்தத்தில் ஆயிரத்துக்குச் சுமார் 24 பேர். அதில் 10 சதவீதம் என்றால் கூடுவது இரண்டு, மூன்று பேர்.

இன்னொன்று முக்கியம். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று வைத்து அவர்கள் பிரிக்கவில்லை. 'நீங்கள் காலை ஆளா, மாலை ஆளா?' என்ற கேள்விக்கு அவரவர் சொன்ன பதில்தான் அளவுகோல். 2023-ல் வந்த பின்லாந்து இரட்டையர் ஆய்விலும் 9 சதவீத வித்தியாசம் தெரிந்தது. அதில் பெரும்பகுதிக்குக் காரணம் புகையும் மதுவும்தான் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். இந்த இரண்டும் உங்களிடம் இருந்தால், படுக்கும் நேரத்தைவிட அவற்றைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுவேன்.

ஒன்றிலிருந்து எட்டு வரை ஏழு மணி நேரம். பெரியவர்களுக்கு அது போதும். என்னை உறுத்துவது கொளுந்து நாட்கள்தான். அன்று உங்களுக்குக் கிடைப்பது நாலரை மணி நேரம், அதுவும் உடல் பழகிய நேரத்துக்கு முன்பே எழுகிறீர்கள். முடிந்தால் அதற்கு முந்தைய இரவுகளில் கணக்கு வேலையைக் குறைத்துக்கொண்டு பதினொன்றுக்குள் படுங்கள். முடியாவிட்டால் மதியம் சாப்பிட்டபின் அரை மணி நேரம் தூங்குங்கள்.

அப்புறம், எழுந்ததும் வெளியே போய் நில்லுங்கள். ஜூலை மூடுபனியிலும் வெளி வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம், உடலின் கடிகாரம் அதை வைத்துத்தான் நேரம் பார்க்கிறது. குளிருக்காக ஜன்னலை மூடிக்கொண்டு பத்து மணி வரை உள்ளேயே இருந்தால், இரவில் தூக்கம் இன்னும் தள்ளிப்போகும்.

பலமான குறட்டையும் பகலில் அடங்காத தூக்கமும் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். நாலரை மணி நேரம் மட்டும் தூங்கிய நாளில் மேட்டுப்பாளையத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டு இறங்காதீர்கள். பஸ்ஸில் போங்கள்.