செத்த தேனீயை லேப்புக்கு அனுப்பும் முன்

கேள்வி: பினாங்கு பாலிக் பூலாவில் சில தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். பக்கத்து டுரியான் தோட்டத்தில் மருந்தடித்த மறுநாள், பெட்டி வாசலில் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன. லேப்பில் கொடுத்தால் காரணம் தெரியுமா?

பதில்: தெரிய வாய்ப்பு உண்டு, சீக்கிரமே எடுத்து உறைய வைத்திருந்தால். இமிடாகுளோபிரிட் மாதிரியான பூச்சிக்கொல்லி மருந்து, உயிருள்ள தேனீயின் உடலிலேயே சில மணி நேரத்தில் பாதியாகச் சிதைந்துவிடும். வெயிலில் காய்ந்ததையும் அழுகியதையும் விட்டுவிடுங்கள். நாக்கை நீட்டிக்கொண்டு நடுங்குவதையும் புதிதாகச் செத்ததையும் பொறுக்குங்கள். ஒரு தேனீ ஏறக்குறைய 0.1 கிராம்தான் இருக்கும். 30 கிராமாவது சேர்த்தால் நல்லது. அலுமினியத் தாளில் சுற்றி, தேதி எழுதி, பிரீசரில் போடுங்கள். ஸ்பிரிட்டில் ஊறப்போட வேண்டாம், மருந்து அதில் கரைந்து போகும். கூட்டில் மகரந்தம் நிறைந்த தேனடைத் துண்டு ஒன்றையும் தனியாக எடுத்து வையுங்கள். தேனீயில் மறைந்துபோனது அதில் அகப்படலாம்.

அப்புறம் லேப். ஐஎஸ்ஓ 17025 (சோதனைக்கூடங்களுக்கான சர்வதேசத் தரம்) அங்கீகாரம் உள்ளதாகப் பாருங்கள். பெரும்பாலும் காய்கறி, பழம் சோதிப்பவர்கள்தான். தேனீயை வாங்குவார்களா என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், எவ்வளவு குறைந்த அளவு வரை அளப்பார்கள் என்பது. காய்கறிக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வரை அளந்தால் போதும். தேனீக்கு அது போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.1 கிராம் தேனீயில் அந்த அளவு என்றால் 1 நானோகிராம் (கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு). இமிடாகுளோபிரிட் வாய்வழி ஏறக்குறைய 4 நானோகிராம் போனாலே ஐரோப்பியத் தேனீக்களில் பாதி செத்துவிடும். உடலில் முக்கால்வாசிக்கு மேல் சிதைந்த பிறகு சோதித்தால், ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்றுதான் வரும். அதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டக்காரர் சிரிப்பார்! கிலோவுக்கு 0.001 மில்லிகிராம் வரை இறங்கும் லேப்பாகத் தேடுங்கள்.

நூற்றுக்கணக்கான மருந்துகளை ஒரே ஓட்டத்தில் தேடும் சோதனையில்கூட கிளைபோசேட், பாராகுவாட் சிக்காது. அவற்றுக்குத் தனிச் சோதனை, தனிக் கட்டணம். தேனீ கூட்டமாகச் சாவதற்கு இந்தக் களைக்கொல்லிகள் காரணமாக இருப்பது அரிது. முதலில் பூச்சிக்கொல்லிக்குப் பணம் செலவழியுங்கள். தோட்டக்காரர் அடித்த மருந்தின் பெயர் தெரிந்தால் லேப்பிடம் சொல்லிவிடுங்கள். அந்த வாரம் உங்கள் பக்கம் டெங்கிக்குப் புகையடித்தார்களா என்றும் விசாரியுங்கள். அதில் வரும் மாலத்தியானும் பைரித்ராய்டும் தேனீயைக் கொல்லும். தோட்டக்காரர் மேல் புகார் எழுதுவதற்கு முன் இது தெரிந்தாக வேண்டும்.

எடுத்த மாதிரியில் பாதியை மட்டும் அனுப்புங்கள். மீதி உங்கள் பிரீசரிலேயே இருக்கட்டும், மறு சோதனை கேட்டால் கையில் இருக்கும்.