பிபி பட்டையும் ஸ்டெதஸ்கோப்பும்: தில்லித் தமிழர்களின் கேள்விகள்

தில்லி மருத்துவமனை ஒன்றில் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற நர்ஸ் நான். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

ஆர்.கே.புரம்: சிஸ்டர், அப்பா ஐசியூவில் இருக்கிறார். ஒரே பிபி பட்டையை எல்லாக் கட்டிலுக்கும் சுற்றுகிறார்கள். பயப்படணுமா?

பயப்படாதீங்க, ஆனால் கேளுங்க. காயமில்லாத தோலில் படுகிற பொருளை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி கொல்லும் கருவி) போட வேண்டியதில்லை, துடைத்தால் போதும். ஆனால் துணிப்பட்டையில் வியர்வை ஊறிவிடும், மேலாகத் துடைத்துப் பயனில்லை. ஐசியூவில் ஆளுக்கொரு பட்டை என்பதே நல்ல முறை. எங்கள் வார்டில் கட்டிலுக்கு ஒன்று கொடுத்தும் ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாறிவிடும். கடைசியில் மார்க்கரால் கட்டில் நம்பரை எழுதிவைத்தேன்.

மருத்துவ மாணவர், கரோல் பாக்: ஸ்டெதஸ்கோப் கையைவிட அழுக்கா?

ஜெனீவாவில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், விரல் நுனிகளில்தான் கிருமி அதிகம். அடுத்த இடம் ஸ்டெதஸ்கோப் வட்டுக்கு. உள்ளங்கைகூட அதற்குப் பின்னால்தான். 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்க தம்பி. 95 சதவீதம் இன்னும் நல்லதென்று நினைக்காதீங்க: கிருமியின் புரதம் சிதையத் தண்ணீரும் வேண்டும். கடும் வயிற்றுப்போக்கு தரும் சி. டிஃபிசில் கிருமியின் வித்துகள் ஆல்கஹாலுக்கு அசையாது. அந்த நோயாளியின் அறைக்கு ப்ளீச்சிங் கரைசல்தான்.

மயூர் விஹார்: உடலுக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப் குழாயை மருந்தில் முக்கித்தானே எடுக்கிறார்கள்?

முக்குவது இரண்டாவது வேலை. முதல் வேலை பிரஷ். உள்ளே நீளமான, மெல்லிய துளைகள். சளி, ரத்தம் காய்ந்து ஒட்டினால் மருந்து அடியிலுள்ள கிருமியைத் தொடாது. குழாயோ பெரும்பாலும் சூட்டைத் தாங்காது. பித்தநாளம் பார்க்கும் டியோடினோஸ்கோப்பின் நுனியில் அசையும் சிறு பாகம் உண்டு. அந்த இடுக்கில் தங்கிய கிருமியால் லாஸ் ஏஞ்சலிஸில் நோயாளிகள் இறந்தது 2015இல் தெரியவந்தது. தயாரிப்பாளர் சொன்னபடி கழுவியும் அப்படி. கழுவிய பின் உள்ளே ஈரம் இருந்தாலும் ஆபத்து, ராத்திரிக்குள் கிருமி பெருகிவிடும். அதனால் நான் முதலில் எட்டிப் பார்ப்பது குழாயைக் காயத் தொங்கவிடும் அலமாரியைத்தான்.

துவாரகா: தில்லி பேரில் ஒரு கிருமியாமே?

கிருமி இல்லை, கிருமி உண்டாக்கும் என்சைம் (ஒரு வகைப் புரதம்). பேர் என்டிஎம்-1, அதில் ‘என்டி’ என்பது நியூ தில்லி. தில்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் போன ஒருவரிடம் 2008இல் பிடிபட்டது. ஊர்ப் பேரை வைத்ததில் எனக்கும் கோபம்தான். கார்பபெனம் மாதிரியான பலமான ஆன்டிபயாட்டிக் மருந்துகளையே அது உடைத்துவிடும். அதன் மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்.

முனீர்கா: வீட்டில் மூவருக்குச் சர்க்கரை. சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் பேனா ஒன்றையே, ஊசியை மட்டும் மாற்றி, எல்லோரும் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஹெபடைடிஸ் பி அப்படிப் பரவியிருக்கிறது. ஆளுக்கொரு பேனா.

ஆர்.கே.புரம், மறுபடியும்: நர்ஸிடம் கேட்டால் கோபிப்பாங்களே?

“துடைச்சீங்களா?” என்றால் கோபம் வரும். “ஸிஸ்டர்ஜி, ஏக் பார் போஞ்ச் தீஜியே” (ஒரு தடவை துடைச்சிடுங்க) என்று ஆல்கஹால் பஞ்சை நீட்டுங்க. என்னிடம் அப்படி நீட்டியவர்களை நான் ஒருநாளும் முறைத்ததில்லை.