வேர் புகுந்த பழைய கழிவுக் குழாய்: முற்றத்தைக் கிண்டாமல் திருத்தலாமா?

வவுனியாவில் அப்பப்பா காலத்து வீடு. மலகூடத்திலிருந்து குழிக்குப் போகும் சுட்டமண் குழாயை வேப்பம் வேர் அடிக்கடி அடைக்கிறது. முற்றத்துச் சீமெந்தை உடைக்காமல் திருத்த வழியுண்டா என்று கேட்டிருந்தீர்கள்.

உண்டு. வேரை வெட்டிக் கழுவியபின், பிசினில் ஊறிய தடித்த துணிக்குழலைப் பழைய குழாய்க்குள் செலுத்தி உப்பவைப்பார்கள். சுடுநீரோ நீராவியோ புற ஊதா ஒளியோ பட்டுப் பிசின் இறுகினால், உள்ளே மூட்டில்லாத இன்னொரு குழாய் உருவாகிவிடும். 1971இல் லண்டனில் தொடங்கிய முறை இது. மூட்டு இல்லாததால் வேர் நுழைய இடமில்லை. உள்விட்டம் கொஞ்சம் குறையும், அது பெரிய விசயமில்லை. ஆனால் குழாய் தாழ்ந்து தண்ணீர் தேங்கும் இடம் அப்படியேதான் இருக்கும். புதுக் குழலும் அந்தப் பள்ளத்தையே பிடிக்கும். ஆகவே கமரா விட்டுப் பார்க்காமல் வேலை தொடங்க விடாதீர்கள்.

நொறுங்கிய குழாய்க்கு வேறு முறை: இரு முனையிலும் கிடங்கு வெட்டி, கூம்புத் தலையொன்றை இழுத்துப் பழையதை உடைத்தபடியே பின்னால் புதிய பொலித்தீன் குழாயைக் கொண்டுவருவது.

என்னைக் கேட்டால், வன்னியில் குழி பெரும்பாலும் வளவுக்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சிறு தூரத்துக்கு மேசனும் மண்வெட்டியும் பீவீசீ குழாயும் போதும், மலிவும்கூட. குழாய் வீட்டுக்குக் கீழால் போனால் மட்டும் மேலே சொன்ன கிண்டாத முறைகளை யோசியுங்கள். துருப்பிடித்த இரும்புத் தண்ணீர்க் குழாயென்றால் அதை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுச் சுவரோடு புதியது ஓட்டுங்கள்.

கிணறு பக்கத்தில் இருந்தால் தாமதிக்க வேண்டாம். வேர் உள்ளே வந்த வெடிப்பால் கழிவு வெளியேயும் போகும்.