கீழே கார், மேலே நாம்: கேள்வி-பதில்

இந்த முறை கடிதங்களில் பாதி கலிஃபோர்னியாவிலிருந்து. எல்லாம் நிலநடுக்க ரெட்ரோஃபிட் பற்றியவை, அதாவது பழைய கட்டடத்தை நிலநடுக்கத்துக்காகப் பலப்படுத்தும் வேலை.

கேள்வி: லாஸ் ஏஞ்சல்ஸில் வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பழைய அபார்ட்மென்ட்டில் இருக்கிறேன். கார் நிறுத்தும் இடத்தில் இரும்புச் சட்டம் போட்டார்கள். மறுமாதமே வாடகையோடு 95 டாலர் சேர்த்துக் கேட்டார் ஓனர். "சிட்டி ரூல்" என்றார். இரண்டு மாதம் கொடுத்தும்விட்டேன்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார், அம்மா. சிட்டி ரூல் சொல்வது வேறு. ரெட்ரோஃபிட் செலவில் பாதியைத்தான் வாடகைக்கு இருப்பவர்களிடம் வாங்கலாம். அதுவும் மாதம் 38 டாலருக்கு மேல் போகக்கூடாது. முதலில் ஓனர் நகர வீட்டுவசதித் துறையிடம் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். "அனுமதிக் கடிதத்தின் நகல் கொடுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். கடிதம் இல்லையென்றால், கொடுத்த 190 டாலரையும் திருப்பிக் கேட்டு அதே துறையில் புகார் கொடுங்கள். அனுமதி இருந்தாலும் அது தனிக் கட்டணம்தான். அடிப்படை வாடகையோடு சேராது.

கேள்வி: சான் பிரான்சிஸ்கோவிலும் 38 டாலர்தானே?

பதில்: இல்லை. அங்கே முழுச் செலவையும் 20 வருடத்தில் பரப்பி வாங்கலாம். கட்ட முடியாதவர்கள் அந்த நகரத்தின் வாடகை வாரியமான ரென்ட் போர்டில் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: லாஸ் ஏஞ்சல்ஸில் 1964-இல் கட்டிய ஆறு வீட்டுக் கட்டடத்தை முதலீடாக வாங்கினேன். வாங்கிய பிறகுதான் ரெட்ரோஃபிட் செய்யச் சொல்லி நகரத்தின் ஆணை இருப்பது தெரிந்தது. புது ஓனருக்குப் புதிதாக ஏழு வருடம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. ஆணை கட்டடத்துக்கு வந்தது, உங்களுக்கு அல்ல. அது வந்த நாளிலிருந்து வரைபடம் கொடுக்க 2 வருடம், பெர்மிட் வாங்க மூன்றரை, வேலையை முடிக்க 7. கை மாறினாலும் கணக்கு மாறாது. கத்தரிக்காய் வாங்கினாலே காம்பைத் திருப்பிப் பார்க்கிற ஆட்கள் நாம். கட்டடத் துறையின் இணையதளத்தில் முகவரியைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகுமா? விற்றவர் ஆணையை மறைத்திருந்தால் வக்கீலைப் பாருங்கள். நீங்கள் கேட்கவே இல்லை என்றால் என்னிடம் அழாதீர்கள்.

கேள்வி: ஒரு வாடகை விளம்பரத்தில் "எர்த்குவேக் ப்ரூஃப்" என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

பதில்: இந்த வார்த்தையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சட்டம் துரத்துவது "சாஃப்ட் ஸ்டோரி" கட்டடங்களை. 1978-க்கு முந்தைய மரச்சட்டக் கட்டடம். கீழ்த்தளத்தைக் காருக்காகத் திறந்துவிட்டு, ஒல்லிக் கம்பங்களின் மேல் வீடுகள். மேலே அறைக்கு அறை சுவர் இருக்கிறது. கீழே பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்க ஒன்றும் இல்லை. 1994 ஜனவரி 17, அதிகாலை 4:31-க்கு வந்த நிலநடுக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸின் நார்த்ரிட்ஜ் மெடோஸ் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளம் நசுங்கி 16 பேர் போனார்கள். தூக்கத்தில் இருந்தவர்கள். நகரம் சட்டம் போட்டது 2015-இல். சான் பிரான்சிஸ்கோவின் மரீனா பகுதியில் இதே ரகக் கட்டடங்கள் 1989 நிலநடுக்கத்திலேயே சரிந்தன. அங்கே சட்டம் 2013-இல்.

சரி, இப்போது என்ன செய்கிறார்கள்? கீழ்த்தளத்தில் இரும்புச் சட்டமோ ப்ளைவுட் அடித்த சுவரோ சேர்க்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் உயிரோடு வெளியே வர வேண்டும், குறி அவ்வளவுதான். சுவர் பிளக்கும், அலமாரி விழும், கட்டடமே அப்புறம் குடியிருக்க லாயக்கில்லாமல் போகலாம். இதற்குப் பெயர் "ப்ரூஃப்" என்றால் என் குடைக்குப் பெயர் கூரை. வேலை முடிந்ததற்கான நகரச் சான்றைக் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் எடுக்கும் சாதாரண ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் நிலநடுக்கத்துக்குச் செல்லாது. அதைத் தனியாக எடுக்க வேண்டும்.

கேள்வி: சொந்த வீட்டை அஸ்திவாரத்தோடு பிணைக்கும் போல்ட் அடிக்க கான்ட்ராக்டர் 30 சதவீதம் முன்பணம் கேட்கிறார்.

பதில்: கலிஃபோர்னியாச் சட்டப்படி 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், எது குறைவோ அது. லைசென்ஸ் எண்ணையும் சரிபாருங்கள்.

கேள்வி: நிலநடுக்கம் வந்தால் அலறும் கருவி 60 டாலருக்குக் கிடைக்கிறது. வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். நிலநடுக்க எச்சரிக்கை தரும் மைஷேக் செயலி இலவசம். அப்படிப்பட்ட கருவி ஒன்றை நானும் வாங்கினேன், சுவரில் மாட்டுவது. விடியற்காலையில் குப்பை லாரி வந்தால் தவறாமல் அலறும். 2019 ஜூலையில் ரிட்ஜ்கிரெஸ்ட் நிலநடுக்கத்தில் வீடு ஆடியபோது மட்டும் கம்மென்று இருந்தது. குப்பை லாரித் தொல்லை தாங்காமல் அதன் பேட்டரியை நானே கழற்றி டிவி ரிமோட்டில் போட்டிருந்தேன்.